லீலா பிரஸ்ஸில் மாட்டிய ஹேண்டில்பார்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் லீலாவுக்குக் கோபம் வந்தால், கீழே வாசலில் தொங்கும் பால் பாக்கெட்டுகள் அடுப்பில்லாமல் காய்ந்துவிடும். மீட்டர் பார்க்க வந்தவனை ஒருமுறை அவள் திட்டிய திட்டில், அவன் மீட்டர் பெட்டியைத் திறக்காமலேயே ஆறு வீட்டுக்கும் யூனிட் எழுதிக்கொண்டு ஓடிப்போனான். ஆறும் சரியாக இருந்தன. மராத்தி பேசும் எங்கள் ஊர் நிக்டி முழுக்க இதற்குச் சாட்சி உண்டு. நம்பாதவர்கள் போகட்டும். ஆனால் இனிச் சொல்லப்போவதில் மனிதர்களின் விரல்கள் வருகின்றன. விரல் விஷயத்தில் ஒரு நூல்கூடக் கூட்டிச் சொல்லமாட்டேன்.

லீலா பிறந்தது கட்கியில். அவள் அப்பா லூர்துசாமி வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து படைத்தளவாடத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். மகள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் நாற்பத்தொரு பையன்கள், ஒரே பெண். முதல் வாரமே எவனோ அவள் டெஸ்டரை ஒளித்து வைத்தான். அவள் டெஸ்டர் இல்லாமல், புறங்கையை ஒயருக்கு அருகே கொண்டுபோயே மின்சாரம் ஓடுகிறதா என்று சொல்லிவிட்டாள் என்பது கதை. அவளைக் கேட்டால், "கையெல்லாம் கொண்டு போகல. அவன் சட்டையைப் புடிச்சேன், டெஸ்டர் வந்துச்சு" என்கிறாள்.

படித்து முடித்ததும் ஆகுர்டியில் வேலை. மோட்டார் சைக்கிளில் கைப்பிடிக்குப் பக்கத்தில் இரண்டு சுவிட்ச் கூடுகள் இருக்குமே, இடப்பக்கம் ஹாரன், இண்டிகேட்டர், முன்விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிப்பர். வலப்பக்கம் செல்ஃப் ஸ்டார்ட், இன்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுவிட்ச். அவற்றைப் பூட்டும் லைனில் கடைசி ஆள் லீலா. ஒவ்வொன்றையும் அமுக்கி, திருப்பி, தள்ளிப் பார்த்து அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷம். கண்ணை மூடிக்கொண்டு 'டிக்' சத்தத்தை வைத்தே உள்ளே ஸ்பிரிங் கோணலா, பித்தளைத் தகடு மெலிசா என்று சொல்வாள். பிறகு ஒரு நாள் அவள் நின்ற இடத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அதன் நுனியில் ரப்பர் ஒட்டிய இரும்பு விரல் இருந்தது. லீலாவை ஒரு பூச்செண்டுடன் அனுப்பிவைத்தார்கள். பூச்செண்டை அவள் அந்த இரும்பு விரலில் மாட்டிவிட்டு வந்தாள்.

அதன்பின் கண்டோபா மாள் பக்கம் ஒரு தகரக் கடை போட்டாள். டூ வீலர்களுக்கு மின்சார வேலை. சிக்லிப் பக்கம் பழைய இரும்புக் கிடங்குகளில் மோட்டார் சைக்கிள் சுவிட்சுகள் மூட்டையாக வரும். கூட்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கம்பெனிக்காரன் ஒதுக்கிவிடுவான். உள்ளே பித்தளை புத்தம் புதிதாக இருக்கும். "மூஞ்சியில தழும்பு இருக்குதுன்னு ஆளையே தூக்கிப் போடுறானுங்க" என்று மூட்டை மூட்டையாக வாங்கி வந்துவிடுவாள்.

அவள் வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அழைப்பு மணிக்கு ஹாரன் பொத்தான். சமையலறை விளக்குக்கு டிப்பர். சாதாரணமாக மங்கல், கல் பொறுக்கும்போது பிரகாசம். அலமாரிக் கதவில் பிரேக் விளக்கின் சுவிட்ச். கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம், மூடினால் இருட்டு. எல்லாம் பழைய பைக் பேட்டரியில் ஓடுபவை. பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பிறந்த சுவிட்சில் சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பதைக் கொடுத்தால் அது உருகி ஊற்றிவிடும் என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் பாடமாக எடுப்பாள். பெரிய மின்சாரம் தேவைப்படும் இடத்தில் நடுவே ஒரு ரிலே வைப்பாள். சின்ன மின்சாரம் தட்டினால் பெரிய மின்சாரத்துக்குக் கதவு திறக்கும் டப்பா அது. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரே எங்கள் கட்டடத்தில் ஒரு பைக்கின் செல்ஃப் ஸ்டார்ட்டால்தான் கிளம்புகிறது. புதிதாகக் குடிவந்த ஐ.டி. பையன் ஒருவன் அதை அமுக்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடியதாக ஊர் பேசுகிறது.

இவ்வளவும் விளையாட்டு. கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது.

லீலாவின் கணவர் ஜெயசீலனுக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் இருபது வருஷத்துக்கு முன் போசரியில் ஒரு பிரஸ்ஸில் போயின. தகட்டை அச்சில் வைத்து, மேலிருந்து இறங்கும் இரும்பால் அடித்து வெட்டும் இயந்திரம் பிரஸ். அச்சில் தகட்டை வைக்கிற கை வெளியே வருவதற்குள் இரும்பு இறங்கினால், தகட்டுக்கும் கைக்கும் அது வித்தியாசம் பார்க்காது. இந்தப் பட்டறைப் பகுதியில் பேருந்தில் ஏறி மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை எண்ணிப் பாருங்கள். பத்துக் கையில் ஒன்றில் கணக்கு இடிக்கும். ஜெயசீலன் அதைப் பற்றிப் பேசமாட்டார். பழகிவிட்டது என்பார். லீலாவுக்குப் பழகவே இல்லை. அவர் இடது கையில் பிடித்த ரச டம்ளர் நழுவிச் சிந்தினால், அவள் யாரையாவது திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

ஜெயசீலன் இப்போது வேறு பட்டறையில் செட்டர். ஐந்து பிரஸ்களுக்கும் அச்சு மாட்டுவது, ஒயர் வேலை, எல்லாம் அவர் கையில். முதலாளி சந்திரமௌலி, கோயம்புத்தூர்க்காரர். ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு 'ங்க' கட்டிப் பேசுவார். ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட அந்த 'ங்க' குறையாது.

கணபதி கரைப்புக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அந்தப் பட்டறையின் மூன்றாம் பிரஸ்ஸில் தேஜஸ் என்ற இருபத்துமூன்று வயதுப் பையனின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. முறைப்படி அந்தப் பிரஸ் இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்க வேண்டும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அச்சில் இருக்க முடியாதல்லவா? அந்தப் பெட்டி ஆறு மாதம் முன்பே கெட்டுப்போயிருந்தது. அதற்குப் பதில் தரையில் ஒரு பெடலை வைத்துவிட்டார்கள். காலால் மிதித்தால் காற்று வால்வு திறக்கும், பிரஸ் இறங்கும். கை இரண்டும் சும்மா இருக்கும், அதாவது அச்சுக்குள் இருக்கும்.

பதிவேட்டில் 'வீட்டுக் கதவில் நசுங்கியது' என்று எழுதினார்கள். சந்திரமௌலி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கொண்டுபோனார். வலது கையில் கட்டுப் போட்டவனுக்கு முழு ஆப்பிள், கத்தி இல்லாமல். இதற்குள் பிரஸ்ஸைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியாயிற்று. பகல் சாப்பாடு முடிவதற்குள் அதே ஸ்டூலில் வேறு ஆளை உட்கார வைத்தாயிற்று. அந்த ஆள் எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ராஜஸ்ரீ. லாத்தூர்ப் பெண். வயது இருபத்தைந்து. லீலாவை 'தாயி' என்று கூப்பிடுவாள். மராத்தியில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று மாலை ராஜஸ்ரீ படியேறி வந்தாள். ஸ்டூல் இன்னும் ஈரமாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். லீலா எதுவும் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது திட்டுவதைவிடப் பயங்கரம். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அரை மணி நேரம் நின்றுபோனது.

மறுநாள், பெடலை எடுக்க முடியாதா என்று ஜெயசீலன் வழியாக முதலாளியிடம் கேட்டனுப்பினாள். புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, வர ஆறு வாரம் ஆகும், அதுவரை பிரஸ் சும்மா நிற்க முடியாது என்று பதில் வந்தது. ஆறு வாரத்தில் ராஜஸ்ரீ எத்தனை தடவை கையை உள்ளே வைத்து எடுப்பாள் என்று லீலா தாளில் பெருக்கிப் பார்த்தாள். ஒரு லட்சத்தைத் தாண்டியதும் பென்சிலை ஒடித்துப் போட்டாள்.

வியாழக்கிழமை இந்தப் பகுதிப் பட்டறைகளுக்கு வார விடுமுறை. மற்ற ஊர் ஞாயிறன்று தூங்கும், நாங்கள் வியாழனன்று. அந்த வியாழன் லீலா கடையில் உட்கார்ந்து ஒரு விபத்து வண்டியின் ஹேண்டில்பாரை எடுத்தாள். வளைவை நிமிர்த்தினாள். இடப்பக்கம் ஹாரன் பொத்தான், வலப்பக்கம் செல்ஃப் ஸ்டார்ட் பொத்தான். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் கோத்தாள். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் இரண்டு கட்டைவிரலையும் தாண்டினால்தான் ரிலேக்குப் போகும். ரிலே தட்டினால்தான் காற்று வால்வு திறக்கும். ஒரு கட்டைவிரலை எடுத்தால் பிரஸ் பாதியில் நிற்க வேண்டும். நடுவில் அந்தச் சிவப்புச் சுவிட்சையும் வைத்தாள், எதற்கும் இருக்கட்டுமென்று.

வெள்ளிக்கிழமை காலை ஜெயசீலன் அதைக் கொண்டுபோய்ப் பெடலைக் கழற்றிவிட்டு மாட்டினார். பிரஸ்ஸின் நெற்றியில் மோட்டார் சைக்கிள் கொம்பு முளைத்தது போலிருந்ததாம். பட்டறையே சிரித்தது. ராஜஸ்ரீயை எங்கே சவாரி, மஹாபலேஷ்வர் மலைக்கா என்று கேட்டார்கள். சந்திரமௌலியும் வந்து பார்த்து, நல்லா இருக்குதுங்க என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

லீலா அன்று சாயங்காலம் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கினாள். கோபமில்லாத லீலாவை நாங்கள் பார்த்தது மொத்தம் பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் புதன்கிழமை.

அன்று ஜெயசீலன் வேலை முடிந்து வந்து, மனைவி சந்தோஷப்படுவாள் என்று போனை நீட்டினார். பட்டறையின் வாட்ஸப் குழுவில் முதலாளி ஒரு படம் போட்டிருந்தார். இந்த ஊர்ப் பட்டறைகளில் 'கைசன்' பலகை என்று ஒன்று தொங்கும். வேலையை மேம்படுத்தும் யோசனை யாராவது சொன்னால், முன்னே எப்படி, பின்னே எப்படி என்று இரண்டு படத்துடன் அதில் ஒட்டுவார்கள். மாதத்தின் சிறந்த கைசன்: இருகைப் பாதுகாப்பு. யோசனை: சந்திரமௌலி. பின்னே என்ற இடத்தில், அந்த வாரம் புதிதாக எடுத்த படத்தில், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி ராஜஸ்ரீ சிரிக்கிறாள்.

யோசனை யார் பெயரில் இருக்கிறது என்று லீலா பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இடது பொத்தானை மட்டும் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள்.

ஹாரன் பொத்தானின் மேல், கைப்பிடியைச் சுற்றி, கறுப்பாக ஒரு வளையம். சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர்த் துண்டு. அது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் வலது கட்டைவிரல் ஒன்று போதும், பிரஸ் இறங்கும். இடது கை சும்மா இருக்கும், அதாவது அச்சுக்குள் இருக்கும்.

பாதுகாப்பு என்று சட்டம் போட்டு மாட்டிய படத்திலேயே அந்த வளையம் இருந்தது. எடுத்தவருக்கும் தெரியவில்லை, ஒட்டியவருக்கும் தெரியவில்லை, பார்த்துக் கைதட்டிய நாற்பது பேருக்கும் தெரியவில்லை.

லீலா படியிறங்கிய சத்தத்தில் கீழ்வீட்டுப் பூனை மரத்திலேறியது. இரண்டு நாள் இறங்கவில்லை. ராஜஸ்ரீ மாவு பிசைந்துகொண்டிருந்தாள். லீலா அவள் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி, மாவோடு, ஒவ்வொரு விரலாக எண்ணினாள். பத்து வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள். யார் கட்டியது என்று கேட்டாள்.

ராஜஸ்ரீ அழுதுகொண்டே, "டார்கெட் ஹோத் நாஹி, தாயி" என்றாள். டார்கெட் வருவதில்லை. பலகையில் மணிக்கு அறுநூறு என்று எழுதியிருக்கிறது. இரண்டு கட்டைவிரலும் அமுக்கினால் நானூற்று முப்பதுக்கு மேல் வராது. வராவிட்டால் ஷிப்ட் முடிந்தபின் நிறுத்திவைத்து மீதித் தகட்டையும் அடிக்கச் சொல்கிறார்கள். மூன்று நாள் அப்படி நின்றாளாம். நான்காம் நாள் ஒரு நல்ல மனிதர் இரக்கப்பட்டு ரப்பர் வெட்டிக் கொடுத்தார். யாரென்று சொல்ல மறுத்தாள். மறுத்தபடியே மாடியை ஒருமுறை பார்த்துவிட்டாள்.

லீலா திரும்பி மேலே ஏறி வந்தபோது ஜெயசீலன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் போதும், கேட்க வேண்டிய அவசியமில்லை. ஊரறிய அவரை 'வாங்க போங்க' என்று பேசுகிறவள் அன்று இறங்கிவிட்டாள்.

"நீயாய்யா? உன் கையாலயா?"

"அந்தப் பொண்ணு அழுதுச்சு லீலா. பாக்க முடியல."

"விரல் போனப்புறம் அழுவுமே, அதைப் பாப்பியா? எங்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னா, நாக்கும் பிரஸ்ல போச்சா?"

அவர் இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது அவர் தெரிந்து செய்வதில்லை. வெட்கம் வந்தால் அந்தக் கை தானாகப் பின்னால் போகும். அதைக் கண்டதும் லீலாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. அவர்மேலும், தன்மேலும். பத்தொன்பது வருஷம் சுவிட்சோடு குடித்தனம் செய்தவளுக்கு, அமுக்கிய பொத்தானைக் கட்டிவைக்கலாம் என்று தோன்றாமல் போய்விட்டதே! கெட்டவன் கட்டுவான் என்று யோசித்திருப்பாள். நல்லவன் கட்டுவான் என்று யார் யோசிப்பது?

அடுத்த நாள் வியாழன், விடுமுறை. இருவரும் பேசிக்கொள்ளாமல் கடைக்குப் போனார்கள். அவள் சூடுகம்பியை நீட்டினால் அவர் ஈயத்தை நீட்டுவார், அவ்வளவுதான் பேச்சு. லீலா மேலும் இரண்டு ரிலே சேர்த்தாள். இப்போது ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டு பொத்தானையும் விட்டாக வேண்டும். இரண்டும் விடுபட்டால்தான் அடுத்த அடிக்குக் கதவு திறக்கும். ஒன்றைக் கட்டிவைத்தால் ஒரே ஒரு அடி விழும், பிறகு பிரஸ் பிணம் மாதிரி நிற்கும். நூறு தடவை அமுக்கிப் பார்த்தாள். ரப்பர் மாட்டிப் பார்த்தாள், டேப் சுற்றிப் பார்த்தாள், தீக்குச்சி செருகிப் பார்த்தாள். திருடனைவிட அதிக வழிகள் யோசித்தாள். கடைசியில் ஜெயசீலனிடம் தள்ளி, ஏமாற்ற முடிகிறதா பார் என்றாள். அவர் அரை மணி நேரம் முயன்று தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை அவளும் கூடப் போனாள். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். அவள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவர் பிறகு பாதுகாப்பு வேலையையே விட்டுவிட்டு ஊரில் வெங்காயம் போடுகிறார் என்று கேள்வி.

ஒன்பதரைக்குப் புதிய பெட்டி மாட்டியாயிற்று. ராஜஸ்ரீ இரண்டு கட்டைவிரலாலும் அடிக்க ஆரம்பித்தாள். முதல் மணியில் நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவதில் நானூற்று முப்பத்தாறு. பலகையில் அறுநூறு, பக்கத்தில் சிவப்புக் கோடுகள். பதினொன்றரைக்குச் சந்திரமௌலி அறையிலிருந்து வந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தத் தெரியாது. லீலாம்மா செய்தது பெரிய உதவி என்றார். ஆனால் திங்கட்கிழமை பெரிய கம்பெனிக்கு முழுச் சரக்கும் போக வேண்டும், போகாவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும், நாற்பது குடும்பமும் தெருவில் நிற்கும் என்றார்.

"அதனால திங்கக்கிழமை வரைக்கும் மட்டும் அந்தப் பெடலையே மாட்டிருங்க ஜெயசீலன். மூணு நாளுங்க. மூணு நாள்ல ஒண்ணும் ஆயிராதுங்க."

லீலா வாயைத் திறந்தாள். ஆனால் ஜெயசீலன் ஏற்கெனவே குனிந்து ஸ்பேனரை எடுத்திருந்தார். ஹேண்டில்பாரின் ஒயரைக் கழற்றினார். பெடலைத் தூசி தட்டி எடுத்து வந்து மாட்டினார். ஒவ்வொரு திருகும் இறுகும்போது லீலாவின் பல் அரைபடும் சத்தம் ஐந்தாம் பிரஸ் வரை கேட்டது. ராஜஸ்ரீ எழுந்து நின்று, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். தாலி கட்டிய நாளிலிருந்து அந்த நிமிஷம்வரை லீலா அவரை இவ்வளவு வெறுத்ததில்லை. அதை அவளே பிறகு சொன்னாள்.

மாட்டி முடித்ததும் ஜெயசீலன் ஸ்டூலைத் துணியால் துடைத்தார். முதலாளியின் பக்கம் திருப்பிப் போட்டார்.

"நீங்க ஒரு பத்து அடிச்சுக் காட்டுங்க சார். ராஜஸ்ரீ பாப்பா பாத்துக் கத்துக்கும்."

சந்திரமௌலி சிரித்தார். தனக்கு ஏதுங்க பழக்கம் என்றார்.

"மூணு நாள்ல ஒண்ணும் ஆவாதுன்னீங்களே சார். இது பத்து அடிதான். ஒரு நிமிசம்." சொல்லிவிட்டு ஜெயசீலன் தகட்டுத் துண்டுகளை நீட்டினார். இடது கையால் நீட்டினார். முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கை வெளியே வந்து, மூன்று விரலில் பத்துத் தகட்டைப் பிடித்தபடி, எல்லாரும் பார்க்க அப்படியே நின்றது.

மற்ற நான்கு பிரஸ்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பட்டறையில் அப்படி ஓர் அமைதியை அதுவரை யாரும் கேட்டதில்லை. வெளியே ரிக்‌ஷாக்காரன் இருமியது உள்ளே கேட்டது.

நாற்பது பேர் பார்க்கிறார்கள். சந்திரமௌலி உட்கார்ந்தார். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். முதல் தகட்டை நுனிவிரலால் அச்சில் வைத்து, கையை மடிக்குக் கொண்டுவந்து, மிதித்தார். பூமி அதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. மணிக்கு அறுநூறு என்றால் ஆறு நொடிக்கு ஒன்று. லீலா தன் போனில் நொடி பார்த்து உரக்கச் சொன்னாள். லேட்டு சார். லேட்டு சார். நான்காவதற்கு அவர் வேகமெடுத்தார். ஐந்தாவது தகடு சற்றுக் கோணலாக விழுந்தது. திருத்தக் கையை நீட்டினார். பயத்தில் விறைத்திருந்த கால் தானாக அமுங்கியது.

பிரஸ் இறங்கியது.

விரல் ஒன்றும் ஆகவில்லை. கையை நீட்டத் தொடங்கிய நேரம். இன்னும் ஒரு சாண் இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன், விரல் விஷயம். ஆனால் அவர் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். முகத்தில் வேர்வை சொட்டியது. எழுந்தபோது ஸ்டூல் சாய்ந்து விழுந்தது.

ஐந்து இன்னும் பாக்கி இருக்கிறதே என்று லீலா கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அதையே மாட்டிருங்க" என்றார் ஜெயசீலனிடம். கைசனில் இருக்கிற அதையே.

ஜெயசீலன் பெடலைக் கழற்றினார். கழற்றியதும் அதன் ஒயரை வெட்டிவிட்டு, ஹேண்டில்பாரின் ஒயரை மறுபடி மாட்டினார். பிறகு நிதானமாகப் பலகைக்குப் போய், சட்டைக் கையால் அறுநூறைத் துடைத்து, சாக்பீஸால் நானூற்று முப்பது என்று எழுதினார். கம்பெனிக்கு நான் என்ன சொல்வேனுங்க என்று சந்திரமௌலி கேட்டார். அவர் சிறிது நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறைக்குப் போனார். அழிக்கவில்லை. அழித்தால் யார் உட்காருவது என்ற கேள்வி அந்த ஸ்டூலிலேயே இருந்தது.

ராஜஸ்ரீ ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைப்பிடியையும் பிடித்தாள்.

இத்துடன் லீலா ஆறியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள். ஜெயசீலன்கூட அப்படித்தான் நினைத்தார். மாலையில் திரும்பும்போது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவர், மெதுவாக அவள் தோளில் கையை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை. ஆனால் சிக்னலில் நின்றதும் திரும்பாமலே கேட்டாள்.

"மீதி நாலு பிரஸ்ல இன்னா இருக்குது?"

"ரெண்டுல பெட்டி இருக்குது. ரெண்டுல..." என்று நிறுத்தினார்.

"ரெண்டுல?"

"பெடல்."

பச்சை விழுந்தது. லீலா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சிக்லி கிடங்கு ஏழு மணிவரை திறந்திருக்கும். வழி நெடுக அவள் திட்டிக்கொண்டே போனாள். அவரை, சந்திரமௌலியை, பெரிய கம்பெனியை, ஆறு நொடிக்கு ஒன்று என்று எங்கோ உட்கார்ந்து கணக்குப் போட்டவனை. கிடங்கில் இறங்கி, பாதி நசுங்கிய வண்டிகளின் குவியலில் ஏறி, இரண்டு ஹேண்டில்பாரை இழுத்து எடுத்தாள். ஒவ்வொன்றின் பொத்தானையும் காதருகே வைத்து அமுக்கிப் பார்த்தாள். ஒன்று சரியில்லை. தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஏறினாள்.